எள் விலையும் எண்ணெய் விலையும்: கேள்வி பதில்

பக்கத்து ஊர் உழவர்களிடம் நேரடியாக வாங்கத் தொடங்கியிருக்கும் குடும்பங்கள் இந்த மாதம் கேட்டவையும், அவற்றுக்கான பதில்களும்.

பெருந்துறையிலிருந்து: அண்ணா, ஒரு கடையில செக்கு நல்லெண்ணெய் லிட்டர் 460ங்க, இன்னொரு கடையில 260ங்க. ரெண்டுலயும் மரச்செக்குன்னுதான் போர்டு. எதை நம்பறதுங்க?

போர்டை விடுங்க, அன்னைக்கு எள் என்ன விலைன்னு விசாரிங்க. ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ எள் வேணும். கடலை எண்ணெய்க்குப் பருப்பும் கிட்டத்தட்ட அதே அளவுதான். தேங்காய் எண்ணெய்க்கு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேலே கொப்பரை. எள் கிலோ 150 ரூபாய்ன்னு வைங்க, எள்ளுக்கே 375 ஆச்சு. கருப்பட்டி, ஆட்டுக்கூலி, பாட்டில் எல்லாம் அதுக்கு மேலே. மிஞ்சுற ஒன்றரைக் கிலோ புண்ணாக்கை வித்து 60 ரூபாய் திரும்பி வந்தாலும் 260-க்கு எந்த வழியிலும் வராது. ஒண்ணு, மலிவான வேறு எண்ணெய் கலந்திருக்கணும். இல்லேன்னா எள் விளைவிச்சவர் வயித்துல அடிச்சிருக்கணும். இந்தக் கணக்கு எண்ணெய்க்கு மட்டும் இல்லைங்க, கீழே வர்ற எல்லாத்துக்கும் இதுதான்.

முடிஞ்சா நாலு குடும்பமாச் சேர்ந்து எள்ளையோ கடலையையோ உழவரிடமே வாங்கி, நீங்களே ஆட்டிக்குங்க. கடலைப் பருப்பைக் கொட்டிச் சுருங்கினது, கருத்தது, பூசணம் பிடிச்சது எல்லாத்தையும் பொறுக்கித் தள்ளுங்க. பூசணத்துல உண்டாகிற அஃப்ளடாக்சின் நஞ்சு வாணலிச் சூட்டுக்குப் போகாது. செக்கெண்ணெய் சுத்திகரிக்கப்படாததால அப்படியே எண்ணெய்க்குள்ள வந்துரும். நல்ல வெயில்ல இரண்டு நாள் காய வைங்க. செக்குல உங்களுக்கு முன்னாடி என்ன ஆட்டினாங்கன்னு கேளுங்க, உரல்ல தங்கின எண்ணெய் உங்களுதோட சேரும். எள்ளுக்குக் கருப்பட்டி போடறதைப் பார்த்துக் கலப்படம்ன்னு சண்டைக்குப் போயிராதீங்க. எண்ணெய் பிரியறதுக்கு அது வேணும்.

ஆட்டின எண்ணெயை அன்னைக்கே பாட்டில்ல அடைக்கறதுதான் பலர் செய்யற தப்பு. அகலமான எவர்சில்வர் பாத்திரத்துல ஊத்தி, வெள்ளைத்துணி கட்டி, இரண்டு மூணு நாள் வெயில்ல வைங்க. மண்டி அடியில படியும். அசைக்காம மேல்தெளிவை மட்டும் இறுத்துக்குங்க. மண்டியும் ஈரமும் தங்கினா ஒரு மாசத்துல சிக்கு வாடை வந்துரும்.

வெள்ளகோவிலிலிருந்து: கொப்பரை வெள்ளை வெளேர்ன்னு இருந்தாத்தான் நல்லதுங்களா?

இல்லைங்க. வெயில்ல மட்டும் காஞ்ச கொப்பரை லேசாப் பழுப்பேறி, ஒண்ணுக்கொண்ணு நிறம் மாறித்தான் இருக்கும். ஒரே மாதிரி வெளுப்பா இருந்து, மோந்து பார்த்தா தீக்குச்சி உரசின வாடை அடிச்சா கந்தகப் புகை போட்டதுன்னு அர்த்தம். ஏன் போடறாங்கன்னும் பார்க்கணும். களத்துல காய ஒரு வாரம் ஆகும். நடுவுல ஒரு மழை பெஞ்சா பூசணம் பிடிக்கும், வெளுப்பு இல்லைன்னா வியாபாரி விலையைக் குறைப்பார். ஆக, வெள்ளையா வேணும்ன்னு நாம கேக்கறதுதான் கந்தகத்துக்கே காரணம். சோலார் உலர்த்தியில காய வைக்கறவர் உங்க பக்கத்துல இருந்தா, கிலோவுக்குச் சில ரூபாய் கூடக் கொடுத்து அவர்கிட்டயே வாங்குங்க. உலர்த்திக்குப் போட்ட முதல் அவருக்குத் திரும்பி வரணும்.

கோபியிலிருந்து: நாட்டுச்சர்க்கரையில அஸ்கா (வெள்ளைச் சர்க்கரை) கலந்திருக்கான்னு வீட்டுலயே கண்டுபிடிக்க முடியுமாண்ணா?

முடியாதுங்க. தண்ணியில கரைச்சா கலப்படமாச் சேர்த்த சுண்ணாம்புத்தூள், மண் அடியில தெரியும். வெள்ளைச் சர்க்கரை தெரியாது. அதுவும் கரும்புல வந்ததுதானே. பொன் மஞ்சளாப் பளிச்சுன்னு இருக்கறது மட்டும் ஒரு எச்சரிக்கை. ஹைட்ரோஸ்ங்கற ரசாயனம் போட்டு வெளுக்க வெச்சா அந்த நிறம் வரும். கலப்பில்லாதது மண் நிறத்துல இருந்து கரும்பழுப்பு வரைக்கும் போகும், நாளாக ஆக இன்னும் கருக்கும்.

இங்கேயும் கணக்குத்தான் துணை. ஒரு டன் கரும்புக்குச் சுமார் 100 கிலோ நாட்டுச்சர்க்கரை கிடைக்கும். டன் விலையை 100-ஆல வகுத்து, வெட்டுக்கூலி, ஆலைக்கூலியைச் சேருங்க. அதுக்குக் கீழே ஒருத்தர் விக்கறார்ன்னா வாங்காதீங்க. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குச் சர்க்கரை போற கவுந்தப்பாடி உங்களுக்குப் பக்கம்தானே. ஆலை ஓடற நாள்ல நேர்ல போங்க. அழுக்கெடுக்கச் சுண்ணாம்பும் வெண்டைத்தண்டுச் சாறும் போடறாங்களா, ஓரத்துல அஸ்கா மூட்டை கிடக்குதான்னு கண்ணால பார்த்துரலாம்.

பொள்ளாச்சியிலிருந்து: சான்றிதழ் இல்லாம இயற்கைன்னு சொல்றாங்க. நம்பலாமா?

2017-ல வந்த இயற்கை உணவு விதிப்படி, சிறு உழவர் தன் விளைச்சலைச் சாப்பிடறவங்களுக்கு நேரடியா வித்தா சான்று கட்டாயம் இல்லை. ஆனா ஜைவிக் பாரத் மாதிரி அரசோட இயற்கைச் சான்று முத்திரையை அவர் போடக்கூடாது. போட்டிருந்தா சான்று எங்கேன்னு கேளுங்க. தனியாச் சான்று வாங்கச் செலவு தாங்காதவங்களுக்கு பி.ஜி.எஸ்.ங்கற பங்கேற்புச் சான்று முறை இருக்கு: குறைஞ்சது ஐந்து உழவர்கள் குழுவாச் சேர்ந்து, ஒருத்தர் காட்டை இன்னொருத்தர் சோதிக்கணும்.

காட்டுக்குப் போனா "மருந்து அடிக்கிறீங்களா"ன்னு கேக்காதீங்க, "இல்லை"ன்னுதான் பதில் வரும். போன மாசம் அசுவினிப் பூச்சிக்கு என்ன பண்ணினீங்க, எரு எங்கிருந்து வருது, பக்கத்துக் காட்டுக்காரர் அடிக்கிறது இங்கே படாம வரப்போரம் என்ன வெச்சிருக்கீங்கன்னு கேளுங்க. உண்மையாச் செய்யறவர் அரை மணி நேரம் விளக்குவார்.

திருப்பூரிலிருந்து: 20 குடும்பம் சேர்ந்து ஒரு உழவர்கிட்டக் காய் எடுத்தோம். மூணு மாசத்துல அவரே நின்னுட்டார். எங்கே தப்புங்க?

பெரும்பாலும் மூணு இடத்துல தப்பு நடக்கும். முதலாவது, பொறுக்கி எடுக்கறது. நூறு கிலோ தக்காளியில பெருசா, சிவப்பா இருக்கற எழுபதை நீங்க எடுத்துட்டா, மிச்ச முப்பதை மண்டியில அடிமாட்டு விலைக்குத்தான் தள்ளணும். அவர் கணக்குல உங்க விலையும் மண்டி விலையும் ஒண்ணாயிரும். பறிச்ச கலப்புலயே எடுங்க, பிஞ்சும் கோணலும் சேரட்டும்.

இரண்டாவது, கடைசி நேரத்துல வேண்டாம்ன்னு சொல்றது. விடியக்காலைல பறிச்ச கீரை சாயங்காலத்துக்குள்ள வாடிரும். வியாழன் ராத்திரிக்குள்ள எடையைச் சொல்லி, முன்பணம் கட்டிருங்க. வர முடியாதவங்க பையைப் பக்கத்து வீட்டுக்காரங்க எடுத்துக்கட்டும்.

மூணாவதுதான் ரொம்ப முக்கியம்: மண்டி விலை ஏறும்போது அவர் உங்களுக்குப் பழைய விலைக்கே தரணும்ன்னு எதிர்பார்த்து, இறங்கும்போது நீங்க குறைச்சுக் கேக்கறது. பருவத்துக்கு ஒரே விலைன்னு விதைக்கும்போதே உக்காந்து பேசுங்க. நாத்து, எரு, களை எடுக்கற கூலி, பறிகூலி, வண்டி வாடகைன்னு அவரோட செலவை எழுதி, அவர் உழைப்புக்கும் கூலி போட்டு விலை வைங்க. தக்காளி கிலோ பத்து ரூபாய்க்கு விழுந்தாலும் பேசின விலையைக் கொடுங்க. எண்பதுக்கு ஏறினாலும் அவர் அதே விலைக்குத் தருவார்.

தாராபுரத்திலிருந்து: உழவர் சந்தையில பேரம் பேசலாமாங்க?

வேண்டாம்ங்க. 1999-ல மதுரையில தொடங்கினப்ப இருந்தே அங்கே தினமும் விலைப்பலகை வைக்கறாங்க. மொத்த விலைக்கு மேலே, சில்லறை விலைக்குக் கீழேன்னு வெச்ச விலை அது. எடை சரியா இருக்கா, கடையில உழவர் அட்டை இருக்கான்னு மட்டும் பாருங்க.

கரூரிலிருந்து: உழவர்கிட்ட வாங்கின கம்பை மாவாக்கி வெச்சோம். பத்து நாள்ல கசக்குது. கலப்படமா?

இல்லைங்க, கம்புல எண்ணெய்ச் சத்து அதிகம். அரைச்சதும் அது காத்துப்பட்டுச் சிக்கடிச்சுக் கசக்கும். தானியமா வெச்சா மாசக்கணக்குல நிக்கும். நல்லாக் காய வெச்சு மூடி வைங்க, ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைங்க. கம்பஞ்சோத்துக்குன்னா மாவே வேண்டாம், லேசாத் தண்ணி தெளிச்சு இடிச்சு, உமியைப் புடைச்சுட்டு, ஒண்ணு ரெண்டா உடைச்சா போதும்.