மிச்ச மாத்திரை சொல்லும் சேதி

இம்முறை, வயதானவர்களின் மாத்திரைகள் பற்றி வந்த கேள்விகள் மட்டும்.

அப்பாவுக்கு 74 வயது. சுகர், பிரஷர், இதயம் என்று தினம் ஒன்பது மாத்திரை. "எல்லாம் போட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்கிறார். ஆனால் மாதக் கடைசியில் ஒரு அட்டையில் பன்னிரண்டு மிச்சம். இன்னொன்று 20-ஆம் தேதியே தீர்ந்துபோகிறது. கேட்டால் கோபம் வருகிறது. — வாசகி, மதுரை

பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பொதுவாக மறதிக்காரர் என்றால் எல்லா அட்டையிலும் ஏறக்குறைய ஒரே கணக்கில் மிஞ்சும். ஒன்று மட்டும் மிஞ்சுகிறது என்றால் காரணம் பெரும்பாலும் அந்த மாத்திரையிடமே இருக்கும். அது எது என்று பெயரைப் பாருங்கள். மதிய வேளைக்குரியதா? அந்த நேரத்தில் அவர் வெளியே இருப்பார், அல்லது சாப்பிட்டதும் கண் அயர்ந்துவிடுவார். ஃபுரோசமைடு போல நீர் பிரிக்கும் மாத்திரையா? பஸ் ஏறுகிற நாளிலும் கல்யாணத்துக்குப் போகிற நாளிலும் விட்டிருப்பார். கழிப்பறை தேடி அலைய யாருக்குப் பிடிக்கும்? சுகருக்கான மெட்ஃபார்மின் என்றால் வயிற்றுப்போக்கு, பிரஷருக்கான அம்லோடிபின் என்றால் கணுக்கால் வீக்கம். இவற்றுக்கெல்லாம் வழி உண்டு. நீர் மாத்திரையை வீடு திரும்பியதும் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள் (இரண்டாவது வேளை இருந்தால் மாலை நான்கு மணிக்குள் முடிய வேண்டும், இல்லாவிட்டால் ராத்தூக்கம் போச்சு). மெட்ஃபார்மினை மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றலாம். 1-1-1 (காலை, மதியம், இரவு) என்று எழுதியதை, மதியம் இல்லாமல் 1-0-1 ஆக்க முடியுமா என்றும் கேளுங்கள். பல மருந்துகளில் முடியும்.

சீக்கிரம் தீரும் அட்டைக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். போட்டோமா இல்லையா என்ற சந்தேகத்தில் மறுபடி போடுகிறார் என்று பொருள். கூடவே இன்னொன்றையும் பாருங்கள்: இதய டாக்டர் எழுதியதும் சுகர் டாக்டர் எழுதியதும் டெல்மிசார்ட்டன் என்ற ஒரே பிரஷர் மருந்தாக, இரண்டு கம்பெனிப் பெயரில் இருக்கலாம். வீட்டில் இருக்கும் அத்தனை அட்டைகளையும், பழையது, பாதி தீர்ந்தது, நாட்டு மருந்து உட்பட, ஒரே பையில் போட்டு டாக்டர் மேஜையில் கொட்டுங்கள். மருந்துச் சீட்டை மட்டும் கொண்டுபோனால் இது தெரியவராது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இதுவரை விட்டதையெல்லாம் நாளை முதல் நீங்களே எண்ணி ஒழுங்காகக் கொடுக்க ஆரம்பிக்காதீர்கள். பிரஷர் இறங்கவில்லையே என்று டாக்டர் அளவைக் கூட்டிக்கொண்டே வந்திருப்பார். அவர் கூட்டியது அப்பா போடாத மாத்திரையை. கூட்டிய அளவு திடீரென முழுசாக உள்ளே போனால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழுவார், சுகரும் தாழும். எத்தனை மிஞ்சியது என்ற கணக்கை முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவை அவர் திருத்தித் தரட்டும்.

அதன்பிறகு டப்பா. ஏழு நாள், நாலு வேளை, ஆக 28 அறை உள்ளது வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் நிரப்பி, அவரே எடுத்துப் போடட்டும். கையில் எடுத்துக் கொடுத்தால்தான் கோபம் வரும். அறை காலியா இல்லையா என்பதே சாட்சி, கேள்வி கேட்க வேண்டியதில்லை. வலிப்புக்கான சோடியம் வால்ப்ரோயேட், ரத்தம் உறையாமல் தடுக்கும் டாபிகாட்ரான் இரண்டையும் டப்பாவில் பிரித்துப் போடக்கூடாது. ஈரம் பட்டுக் கெடும். அவற்றை ஒவ்வொன்றாகக் கத்தரித்து அட்டைத் துண்டோடு போடுவதும் ஆபத்து. பார்வை மங்கியவர்கள் அலுமினியத்தோடு விழுங்கி உணவுக்குழாய் கிழிந்திருக்கிறது. அந்த அறையில் 'அட்டையிலிருந்து எடு' என்று ஒரு சின்னச் சீட்டு வையுங்கள், போதும்.

காலை மாத்திரை மறந்து மாலையில் ஞாபகம் வந்தால், இரவு சேர்த்து இரண்டாகப் போடலாமா? — வாசகர், விழுப்புரம்

கூடாது. தினம் ஒரு வேளை மருந்தென்றால், ஞாபகம் வந்தபோது அடுத்த வேளைக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தால் போடலாம், நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். சாப்பாட்டோடு போட வேண்டிய சுகர் மாத்திரையைச் சாப்பிட்டு வெகுநேரம் கழித்துப் போட வேண்டாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், அசெனோகுமரால் போடுகிறவர்கள் அன்றைக்குள் ஞாபகம் வந்தால் போட்டு, மறுநாள் என்றால் விட்டுவிட்டு, தேதியைக் குறித்து வைத்து அடுத்த ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும்) பரிசோதனையின்போது சொல்ல வேண்டும். மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர்களையும் (இதயத் துடிப்பையும் பிரஷரையும் குறைப்பவை) பிரஷருக்கான குளோனிடினையும் நாள்கணக்கில் விட்டிருந்தால் டாக்டருக்கு ஃபோன் போடுங்கள். திடீரென நின்றால் படபடப்பு, நெஞ்சுவலி, எகிறும் பிரஷர் என்று வரும்.

அம்மா தைராய்டு மாத்திரையை ஒரு நாள்கூட விட்டதில்லை. ஆனாலும் ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.ஹெச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) இறங்கவில்லை. டோஸ் இரண்டு முறை கூட்டியாயிற்று. — வாசகி, கோயம்புத்தூர்

மாத்திரையை எதோடு விழுங்குகிறார்? காபியோடு என்றால் விடை கிடைத்துவிட்டது. லெவோதைராக்சின் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போக வேண்டும். அதன்பிறகு அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. எழுந்தவுடன் டிகாக்‌ஷன் வாசம் இல்லாமல் முடியாது என்கிறவர்கள், இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாம். டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். மூட்டுவலிக்கென்று கால்சியத்தை அதே காலை வேளையில் சேர்த்துக்கொண்ட வீடுகள் ஏராளம். நேரத்தைச் சரிசெய்த பிறகு ஆறு முதல் எட்டு வாரம் பொறுத்து ரத்தம் பாருங்கள். முன்பு கூட்டிய டோஸ் அப்போது அதிகமாகத் தெரியலாம். படபடப்பு, எடை இறக்கம் வந்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம்.

போன மாதம் வெள்ளை, இந்த மாதம் ரோஸ். பாட்டி "இது என் மாத்திரை இல்லை" என்று ஒதுக்கி வைத்துவிடுகிறார். — வாசகர், தருமபுரி

பாட்டி சந்தேகப்பட்டது தப்பே இல்லை. நிறமும் வடிவமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மருந்தின் பெயர் மாறாது. அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, மருந்துப் பெயரையும் மி.கி. அளவையும் பழைய அட்டையோடு ஒப்பிடுங்கள். ஒன்றாக இருந்தால் மார்க்கரால் 'பிரஷர் – காலை' என்று தமிழில் எழுதிக் கொடுங்கள். பழைய வெள்ளையைக் கண்ணில் படாமல் எடுத்துவிடுங்கள். இரண்டையும் சேர்த்துப் போடுவதுதான் உண்மையான ஆபத்து. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஊழியர் வீட்டுக்கு வருகிறார் என்றால், மிஞ்சியதை அவரிடம் காட்டிவிட்டுப் புதிய அட்டையை வாங்குங்கள்.

மாமியார் சஷ்டி, அமாவாசை விரதம் விடமாட்டார். அன்று சுகர் மாத்திரை? — வாசகி, திருநெல்வேலி

எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தது. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சுகர் தாழ்வது அபூர்வம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, இன்சுலின் ஆகியவை அப்படியல்ல; சாப்பாடு வரும் என்று நம்பி வேலை செய்பவை. வயதானவர்களுக்குச் சிறுநீரகம் சற்றுத் தளர்ந்திருந்தால் அந்த மருந்து உடம்பில் இன்னும் நெடுநேரம் தங்கும். விரதத்துக்கு ஒரு வாரம் முன்பே டாக்டரிடம் தேதிகளைச் சொல்லி, அன்றைய அளவை எழுதி வாங்குங்கள்.

வியர்வை, நடுக்கம், உளறல் தெரிந்தால் சுகர் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் விரதம் முடிந்தது: 15 கிராம் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் அதே அளவு இன்னொரு முறை. ஏறிய பிறகு சாப்பாடும் வேண்டும். கிளிமிபிரைடால் தாழ்ந்த சுகர் சில மணி நேரத்தில் மீண்டும் தாழலாம் என்பதால் ஆஸ்பத்திரிக்குக் காட்டிவிடுவது நல்லது. அவருடைய மாத்திரையில் வோக்லிபோஸ் (சர்க்கரை செரிப்பதைத் தாமதப்படுத்தும் மருந்து) சேர்ந்திருந்தால் சர்க்கரையும் வெல்லமும் உடனே வேலை செய்யாது; குளுக்கோஸ்தான் வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

அத்தைக்கு விழுங்க முடியவில்லை. இடித்துத் தேனில் குழைத்துக் கொடுக்கலாமா? — வாசகர், நாகப்பட்டினம்

பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.எல்., இ.ஆர்., சி.ஆர். என்று எழுத்து இருந்தால் இடிக்கவே கூடாது. நாள் முழுதும் கொஞ்சம் கொஞ்சமாக வர வேண்டியது ஒரே மணி நேரத்தில் வந்து இறங்கும். வயிற்றில் கரையாதபடி பூச்சுப் பூசிய பேன்டோப்ரசோல் போன்றவையும் அப்படியே. மற்றவற்றில் பலவற்றை இடிக்கலாம். எவை என்று மருந்தாளுநரிடம் அட்டையைக் காட்டிக் கேளுங்கள். சிலவற்றுக்கு சிரப் உண்டு. விழுங்கும்போது இருமுகிறார், தண்ணீருக்கே புரையேறுகிறது என்றால் பிரச்சினை மாத்திரையில் இல்லை, முதலில் டாக்டர் பார்க்கட்டும்.

ருமட்டாய்டு மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒன்று. மாமா அடிக்கடி நாளை மறக்கிறார். — வாசகர், ஈரோடு

தினம் என்று நினைத்துத் தொடர்ந்து போட்டால் உயிருக்கே ஆபத்தான மாத்திரை இது. சீட்டில் 'வாரம் ஒரு முறை' என்று மட்டும் இருந்தால் போதாது. 'திங்கட்கிழமை' என்று நாளின் பெயரோடு எழுதச் சொல்லுங்கள். உடன் தரும் ஃபோலிக் ஆசிடும் பெரும்பாலும் அதே மஞ்சள் நிறச் சின்ன வட்டம்தான், எனவே இரண்டையும் ஒரே டப்பியில் வைக்காதீர்கள். ஒரு தடவைக்கு ஒரு வாரத்துக்குரியதை மட்டும் வெளியே வைத்து, மீதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்புண், காய்ச்சல், மூச்சுத்திணறல், காரணமில்லாத ரத்தக்கசிவு வந்தால் அன்றே ஆஸ்பத்திரி. திங்கள் மறந்து புதனுக்குள் ஞாபகம் வந்தால் போடலாம். அதற்கும் பிந்தினால் விட்டுவிட்டு அடுத்த திங்கள்.