எத்தனை வேலி?

கேள்வி: ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ கதைக்கு முன்கதையாக மார்ட்டின் எழுதிய ‘வேலி வீரன்’ (தி ஹெட்ஜ் நைட்) குறுநாவலை முதலில் படிக்கலாமா, பெரிய நாவல்களை முடித்துவிட்டுத்தான் தொட வேண்டுமா? அதில் பொம்மலாட்டமும் வருகிறதாமே?
— ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: ‘வேலி வீரனா’? தஞ்சாவூர்க்காரர் காதில் விழுந்தால் எத்தனை வேலி என்று கேட்பார். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி; இன்றைய கணக்கில் 6.6 ஏக்கர், கொஞ்சம் முன்னே பின்னே. கதாநாயகன் டங்க் பயலுக்கு ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. நிலமும் எஜமானும் இல்லாமல் ராத்திரி ஏதாவது செடிவேலி ஓரம் முடங்குகிறவன் என்பதால்தான் அந்தப் பேரே. அகராதியில் ‘ஹெட்ஜ்’ பார்த்து, ‘நைட்’ பார்த்து, இரண்டையும் பசை போட்டு ஒட்டினால் பரதேசி மிராசுதார் ஆகிவிடுவான். ‘வேலியோரத்து வீரன்’ என்றால் பிழைத்தான். அதற்காக உங்கள் ஊர்க் கிளுவை வேலியை நினைத்துக்கொள்ளாதீர்கள். அந்த முள்ளுக்கடியில் ஓணான்தான் படுக்கும்.

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவனும் இவன்தான். சத்திரத்தில் குதிரை லாயப் பையன் என்று நினைத்த மொட்டைத்தலைப் பொடியனைச் சேர்த்துக்கொள்கிறான். அவன் யாரென்று சொன்னால் சந்தாவை நிறுத்திவிடுவீர்கள்.

செத்துப்போன எஜமானர் விட்டது மூன்று குதிரை, ஒரு பழைய கவசம். இவனோ ஏழடிக்கு ஓரங்குலம் குறைச்சல், கவசம் ஏறாது. ஒரு குதிரையை விற்றுப் புதுக் கவசத்துக்குப் பணம் புரட்டுகிறான். குதிரையேறி ஈட்டியால் மோதுகிற போட்டியில் தோற்றால் குதிரையும் கவசமும் ஜெயித்தவனுக்கு. வேண்டுமானால் காசு கொடுத்து மீட்கலாம், காசு எங்கே? ஒரே ஓட்டம் சறுக்கினால் வீரன் உத்தியோகம் போச்சு. சிம்மாசனம் யாருக்கு என்ற கவலையே இல்லாமல் கதை இதிலேயே ஓடுகிறது. மற்ற முன்கதைக்காரர்கள் கவிழ்வது இங்கேதான். பெரிய கதையில் பார்த்த வாளை எந்தக் கடையில் வாங்கினான், தழும்பை யார் போட்டான் என்று ரசீது எழுதிக்கொண்டே போவார்கள். பின்னால் உயிரோடு வரப்போகிற ஆள் இப்போது சாகமாட்டான் என்று நமக்குத் தெரியுமாதலால் சண்டையும் சப்பென்று போகும். மார்ட்டின் சுமார் 90 வருஷம் பின்னால் போய்விட்டதால் யார் வேண்டுமானாலும் சாகலாம். சாகிறார்கள்.

பொம்மலாட்டக்காரி பேர் டான்செல். டங்கின் கேடயத்தில் எல்ம் மரமும் அதன் மேலே எரிநட்சத்திரமும் வரைந்து தருகிறவள். அவள் ஆட்டத்தில் வீரன் ஒருவன் டிராகனைக் கொல்கிறான். டிராகன் ராஜகுடும்பத்துச் சின்னம். கோபம் வந்த இளவரசன் அவள் விரலை ஒடிக்கிறான். வேலியே பயிரை மேய்கிறது (மறுபடியும் வேலி, என்ன செய்வது, ஆரம்பித்து வைத்தது நீங்கள்).

உங்கள் பாலக்காட்டுத் தோல்பாவைக்கூத்துக்காரர்களுக்கு வாய்த்த ரசிகை எவ்வளவோ தேவலை. 42 அடிக் கூத்துமாடம், திரைக்குப் பின்னால் தேங்காய்மூடியில் எண்ணெய் விட்டு ஏற்றிய 21 விளக்கு, கம்பன் பாட்டு, மலையாளம் கலந்த விளக்கம். எதிரே பல ராத்திரி மனுஷர் ஒருத்தரும் இருப்பதில்லை, பகவதிதான். தாரிகன் என்ற அசுரனோடு சண்டையில் இருந்தவள் ராம ராவண யுத்தத்தைப் பார்க்கவில்லை, அவளுக்காகத்தான் ஆட்டம் என்பது ஐதீகம். கேட்க ஆள் இல்லாவிட்டாலும் விடிய விடியக் கம்பனைப் பாடுகிறார்கள். நம் இலக்கிய விழாக்களில் ஆள் நிறைந்திருக்கும்; பொன்னாடை போர்த்தி முடிப்பதற்குள் கம்பனுக்கு நேரம் இருக்காது.

கேட்டதை மறந்துவிட்டேனே. முதலிலேயே படிக்கலாம். முதல் பெரிய நாவல் 1996, இது 1998. சுடச்சுட வாங்கிப் படித்தவர்கள் கையிலும் அந்த ஒரு நாவல்தான் இருந்திருக்கும். பின்னட்டையை மட்டும் திருப்பாதீர்கள், மொட்டையன் மாட்டிக்கொள்வான்.