வேலையை விடும் கடிதத்தை இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம்

கேள்வி: எனக்கு 44 வயது. திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறோம். நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் 13 வருடமாக அறை துப்புரவு வேலை செய்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் விரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கின. ருமட்டொயிட் ஆர்த்ரைட்டிஸ், அதாவது ஒருவகை மூட்டுவாதம் என்று சொன்னார்கள். ஆஸ்பத்திரி கிளினிக்கில் மருந்து எடுக்கிறேன், அங்கே இல்லாத குளிசைகளை வெளியில் வாங்குகிறேன். காலையில் கட்டில் விரிப்பை இழுத்து மடிக்கவே கை வருவதில்லை. அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபா. கணவர் ஓட்டோ ஓடுகிறார், அதன் லீசிங் மாதம் 18,500. மகள் உயர்தரம் படிக்கிறாள். வேலையை விட்டுவிட்டு ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசை எடுத்து லீசிங்கை முடிப்போம் என்கிறார் கணவர். கொஞ்சம் நகையும் இருக்கிறது. அரசாங்க உதவி ஏதும் கிடைக்குமா?

பதில்: கடிதம் இன்னும் கொடுக்கவில்லைதானே? நல்லது, கொடுக்க வேண்டாம். கணவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் அந்தத் திட்டம் முதல் படியிலேயே நின்றுவிடும்.

வேலையை விட்டால் ஈபிஎஃப் உடனே கைக்கு வரும் என்று ஊரில் பலர் நம்புகிறார்கள். சும்மா விலகினால் பெண்களுக்கு 50 வயது, ஆண்களுக்கு 55 வயது வரும்வரை அந்தப் பணம் அங்கேயேதான் இருக்கும். இனி ஒருபோதும் வேலை செய்ய முடியாது என்று மருத்துவச் சான்று இருந்தால் வயது பார்க்க மாட்டார்கள். உங்கள் நிலை அதுவல்ல. சரியான மருந்தை விடாமல் எடுத்து வருடக்கணக்கில் வேலை செய்கிறவர்கள் இந்த நோயோடு நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆக, இப்போது விலகினால் சம்பளமும் போகும், லீசிங்கும் அப்படியே நிற்கும், பணத்துக்கு இன்னும் ஆறு வருடம் காத்திருக்க வேண்டும்.

வேலையில் இருந்துகொண்டே எடுக்க ஒரு வழி உண்டு. பத்து வருடத்துக்கு மேல் பங்களிப்பு இருந்து, கணக்கில் மூன்று இலட்சத்துக்குக் குறையாமல் இருந்தால், வீட்டுத் தேவைக்கோ மருத்துவத் தேவைக்கோ 30 சதவீதம் வரை எடுக்கலாம். எந்தச் சிகிச்சைக்கு, என்ன பத்திரங்களோடு என்பதற்கு நிபந்தனைகள் இருக்கின்றன. அதனால் கிளினிக் வைத்தியரிடம் நோயின் பெயரையும் சிகிச்சையையும் எழுதி வாங்கிக்கொண்டு, தொழில் திணைக்கள அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள். கிடைத்தாலும் அதை லீசிங்குக்குக் கொட்டாதீர்கள்.

போகும்போது ஒரு சின்ன விஷயத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஈபிஎஃப் கூற்றில் இருக்கும் பெயரும் அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா? நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு இடத்தில் ஒரு எழுத்து கூடும், இன்னொரு இடத்தில் குறையும். அப்பாவின் பெயர் முன்னாலும் பின்னாலும் மாறி நிற்கும். வேலையில் இருக்கும்போதே நிர்வாகத்திடம் சொல்லித் திருத்துவது சுலபம். விலகிய பிறகு அந்த ஒரு எழுத்துக்காக அலைய வேண்டியிருக்கும்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒரு பணமும் இருக்கிறது. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் கிடைக்க வேண்டும். உங்களுக்கு 20,000 பெருக்கல் 13, அதாவது 2,60,000 ரூபா. சேர்விஸ் சார்ஜை இதில் சேர்த்துக் கணக்குப் பார்க்காதீர்கள். நீங்களாக விலகினாலும் இது உங்கள் உரிமை, விலகி 30 நாளுக்குள் தர வேண்டும். என்றோ ஒருநாள் விலகத்தான் வேண்டும் என்றால், இந்தத் தொகையை எழுத்தில் கேட்டபிறகு விலகுங்கள். 'எல்லாம் பெற்றுக்கொண்டேன்' என்ற தாளை நீட்டினால் வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

ஆனால் அதற்கு முன் முகாமையாளரிடம் வேலையை மாற்றித் தரக் கேளுங்கள். துணி இருப்பறை, அறைச் சாவிப் பதிவு, காலைச் சாப்பாட்டு மேசை என்று விரலை முறிக்காத வேலைகள் ஹோட்டலில் உண்டு. காலை விறைப்புக் குறைந்தபின் தொடங்கும் ஷிப்டும் கேட்கலாம். வாயால் சொன்னால் மறந்துபோகும், வைத்தியரின் கடிதத்தோடு எழுதிக் கொடுங்கள். பதின்மூன்று வருட அனுபவம் உள்ளவரை சீசன் நேரத்தில் இழக்க யாரும் விரும்பமாட்டார்கள்.

இனி அரசாங்க உதவி. இங்கே கொஞ்சம் கசப்பாகத்தான் சொல்ல வேண்டும். நம் நாட்டில் மாதக் கொடுப்பனவுகள் பெரும்பாலும் நோயின் பெயரைப் பார்த்தோ, மாற்றுத்திறனைப் பார்த்தோ, வறுமையைப் பார்த்தோதான் வருகின்றன. சிறுநீரக நோயாளருக்கும் குறைந்த வருமானமுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500இலிருந்து 10,000 ரூபாவாகக் கூட்டினார்கள். பதவிசிறிபுரப் பக்கம் சிறுநீரக நோய் எவ்வளவு குடும்பங்களைத் தின்றது என்று நம் மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மூட்டுவாதத்துக்கென்று அப்படியொரு தனி வரிசை கிடையாது. வெளியே பார்த்தால் நன்றாக இருக்கிற ஆள், காலையில் போத்தல் மூடி திறக்க முடியாத ஆள், இரண்டுக்கும் நடுவில் நிற்கிறீர்கள்.

அதனால் உங்களுக்கான கதவு அஸ்வெசும, அதாவது குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அரசின் நலன்புரிக் கொடுப்பனவு. அதன் புள்ளிக் கணிப்பில் குடும்பத்தின் உடல்நலமும் ஒரு பகுதி. 2023இல் கணக்கெடுத்தபோது உங்கள் நோய் தொடங்கியிருக்கவில்லை, அல்லது பெயர் வைத்திருக்கவில்லை. உங்கள் விவரம் அங்கே பழையதாகவே கிடக்கலாம். கிராம உத்தியோகத்தரைக் கண்டு, பிரதேச செயலகத்தில் அஸ்வெசும உத்தியோகத்தரிடம் விவரத்தைப் புதுப்பிக்கக் கேளுங்கள். இரண்டு பேர் உழைக்கிற வீடு, ஓட்டோவும் இருக்கிறது, ஆகவே உறுதியாகக் கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். வருமானம் ஒன்றாகக் குறைந்தால் நிலைமை வேறு. அதே செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரையும் பாருங்கள்.

ஜனாதிபதி நிதியத்தைப் பற்றியும் யாராவது சொல்லியிருப்பார்கள். இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, புற்றுநோய் போன்ற பெரிய செலவுகளுக்குத்தான் அது பெரிதும் உதவுகிறது. மாதாமாதம் குளிசை வாங்க அல்ல. 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம், கொழும்புக்கு இரவு ரயில் ஏறத் தேவையில்லை. பின்னொரு நாள் பெரிய சிகிச்சை ஏதும் வந்தால், திகதி குறிப்பதற்கு முன்பே போய்க் கேளுங்கள்.

வெளியில் வாங்கும் மருந்தில் மிச்சம் பிடிக்க இடமிருக்கிறது. வைத்தியரிடம் கம்பனிப் பெயருக்குப் பதிலாக மருந்தின் பொதுப்பெயரை எழுதச் சொல்லி, அரச மருந்தகமான ஒசுசலயில் விலை கேளுங்கள். காசு குறைந்த மாதத்தில் குளிசையை ஒன்றுவிட்டு ஒருநாள் போடுவது மட்டும் வேண்டாம். நோய் கிளம்பினால் நின்றுபோகும் சம்பளம் குளிசை விலையைவிட அதிகம். மின்சாரத் தேங்காய்த் திருவலை வாங்கினால் ஆடம்பரம் என்று மாமியார் சொல்லலாம். அதையும் மருத்துவச் செலவு என்றே நான் எழுதுவேன்.

நகைக்கு வருகிறேன். ஆறு மாதத்தில் மீட்கும் காசு எங்கிருந்து வரும் என்று தெரிந்தால் வங்கியில் அடகு வையுங்கள். தெரியாவிட்டால் ஒரு சின்ன நகையை விற்றுவிடுவதே மேல். எல்லாவற்றையும் வைத்து வட்டி கட்டி, தங்க விலை ஏறியதென்று அதன்மேல் இன்னும் எடுத்து, கடைசியில் ஏலத்துக்கு விடும் குடும்பங்களைத்தான் அதிகம் காண்கிறேன். வாரத் தவணை நுண்கடன் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாம்.

லீசிங் தவணை தவறும் முன்பே கணவர் கம்பனிக்குப் போய், காலத்தை நீட்டித் தவணையைக் குறைத்துத் தரும்படி எழுத்தில் கேட்கட்டும். நீட்டினால் மொத்த வட்டி கூடும், புதிய அட்டவணையைப் பார்க்காமல் ஒப்பமிடக் கூடாது. ஒழுங்காகப் பதில் வராவிட்டால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு முறையிடலாம். வெளிநாட்டில் உடன்பிறப்பு யாரும் இருந்தால், 'கஷ்டம், ஏதாவது அனுப்பு' என்று பொதுவாகச் சொல்லாமல், இரத்தப் பரிசோதனைக்கும் வெளி மருந்துக்கும் மாதம் இவ்வளவு என்று பில்லோடு கேளுங்கள். கொடுக்கிறவருக்கும் அது இலகு.