முடக்கம் வந்தால் வாடகை என்னாகும்?

மட்டக்களப்பு கல்லடியிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: "2021 கொரோனா முடக்கத்தில் கணவரின் ஆட்டோ ஓடவில்லை. மூன்று மாத வாடகை நின்றுவிட்டது. ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பினால் கேற்றில் புதுப் பூட்டு. இப்போது வேறு வீட்டுக்கு ஒரு வருட ஒப்பந்தம் எழுதப்போகிறோம். இன்னொரு நோய் வந்தால் சட்டம் காப்பாற்றுமா?"

வாடகை விஷயத்தில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். இலங்கையின் 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் குடியிருப்பவர் பக்கம் நின்றது உண்மைதான். ஆனால் 2002இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு வாடகைக்கு விட்ட குடியிருப்பு வீடுகளுக்கு அது பொருந்தாது. மூன்று மாதத்துக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்று இன்னும் சிலர் சொல்வது அந்தப் பழைய நினைப்பில்தான். 2023இல் வந்த சட்டமோ, குத்தகை முடிந்த வீட்டைச் நீண்ட வழக்கு இல்லாமல் சுருக்க நடைமுறையில் மீட்க உரிமையாளருக்கு உதவுகிறது.

பூட்டு வேறு கதை. அந்த 2023 சட்டத்திலும் வீட்டுக்காரர் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகத்தான் வேண்டும்; தானே பூட்ட முடியாது. பலவந்தமாக வெளியேற்றப்பட்டால் உடனே பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். விஷயம் 2 மாதத்துக்குள் ஆரம்ப நீதிமன்றத்துக்குப் போனால் வீட்டை மீண்டும் ஒப்படைக்கச் சொல்லும் அதிகாரம் அதற்கு உண்டு. பூட்டைப் படம் எடுத்து வையுங்கள்.

சரி, ஒப்பந்தம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு (உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்துபவர்) முன் எழுத வேண்டும். 1840இலிருந்தே அதுதான் சட்டம். கொப்பித் தாளில் இரண்டு கையெழுத்து போட்டால், ஒரு வருடம் என்று எழுதியிருந்தாலும் நீங்கள் மாத வாடகைக்காரர்தான். ஒரு மாத அறிவித்தலில் எழும்பச் சொல்லலாம்.

அதில் இப்படி ஒரு வாசகம் கேளுங்கள்: "அரசு முடக்கம் அறிவிக்கும் மாதங்களில் பாதி வாடகை, மீதி, முடக்கம் தளர்ந்து ஆறு மாதத்தில் தவணையாக. அந்தப் பாக்கிக்காக வீட்டைக் காலிசெய்யச் சொல்வதில்லை." அட்வான்சை எத்தனை நாளில் திருப்பித் தருவார் என்பதையும் சேருங்கள்.

வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். அவருக்கும் வீட்டுக்கடன் இருக்கலாம். 2020இல் கடன் தவணையைத் தள்ளிப்போட மத்திய வங்கி வழி செய்தது. வாடகையோ வீட்டுக்காரரின் மனசைப் பொறுத்ததாகவே இருந்தது. என்னைக் கேட்டால், வாடகையைத் தள்ளிவைப்பவருக்கே அந்தச் சலுகை என்று சட்டம் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்க வேண்டும்.

அதுவரை வாடகையைக் கையில் கொடுக்காமல் வங்கியில் போடுங்கள். துண்டுகளை ஒப்பந்தத்தோடு ஒரே பைலில் வையுங்கள்.