டிராஃப்ட் பட்டியலில் பெயர் வருவதற்குக் காசு கொடுக்காதீர்கள்

கேள்வி: நாங்கள் ஜெர்மனியில் இருக்கிறோம். மகனுக்குப் பதினெட்டு வயது முடிந்துவிட்டது, உயரம் 1.96 மீட்டர். கிளப்பின் 19 வயதுக்கு உட்பட்டோர் கூடைப்பந்து அணியில் ஆடுகிறான். மூன்றாம் நிலை லீக்கான ப்ரோ-பியில் ஆடும் பெரியவர்கள் அணியிலும் அவ்வப்போது இறக்குகிறார்கள். ஒரு ஏஜென்ட் வீட்டுக்கு வந்து, அடுத்த ஆண்டு அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏவின் டிராஃப்டில் பெயர் கொடுக்கலாம், நான்கு ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள், அமெரிக்காவில் முகாமுக்கும் வீடியோவுக்கும் 6,000 யூரோ ஆகும் என்கிறார். பள்ளி இறுதிப் பரீட்சையான அபிட்டூரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமாம். "என்பிஏ நட்சத்திரம் யோக்கிச்சையே 41ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள்" என்கிறார். உண்மையில் என் மகனுக்கு வாய்ப்பு எவ்வளவு? கையெழுத்துப் போடலாமா?

பதில்: போட வேண்டாம். 6,000 யூரோவையும் கொடுக்க வேண்டாம். பையன் அபிட்டூரை முடிக்கட்டும். மேற்கொண்டு படிக்க நேரமில்லாவிட்டாலும் இந்த மூன்றையும் மறந்துவிடாதீர்கள்.

முதலில் டிராஃப்டைப் பற்றி, அதாவது என்பிஏ அணிகள் ஆண்டுதோறும் புதிய வீரர்களை வரிசையாக எடுக்கும் நிகழ்ச்சியைப் பற்றி. ஏஜென்ட் இதைப் பெரிய சாதனை மாதிரி உங்களிடம் விற்கிறார். அமெரிக்காவுக்கு வெளியே ஆடும் ஒரு பையன், அந்தக் காலண்டர் ஆண்டில் 19 வயதை எட்டுகிறான் என்றால், டிராஃப்டுக்கு 60 நாள் முன்பே என்பிஏவுக்கு ஒரு கடிதம் அனுப்பினால் பெயர் பட்டியலில் சேர்ந்துவிடும். யாரும் அவன் ஆட்டத்தைப் பார்த்துத் தேர்வு செய்வதில்லை. டிராஃப்டுக்கு 10 நாள் முன்பு வரை பெயரைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் முடியும். ஏப்ரலில் பட்டியல் வெளியானதும் உள்ளூர்ச் செய்தித்தாளில் படம் வரும், ஏஜென்ட் அதைத் தன் பக்கத்தில் போட்டு அடுத்த குடும்பத்தைப் பிடிப்பார், ஜூனில் சத்தமில்லாமல் பெயர் திரும்பப் பெறப்படும். இதைப் பல ஆண்டுகளாகப் பார்க்கிறேன்.

இன்னொன்றையும் அவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். ஐரோப்பாவிலேயே ஆடிக்கொண்டிருந்தால், 22 வயதாகும் ஆண்டில் உங்கள் மகன் தானாகவே டிராஃப்டுக்குத் தகுதி பெற்றுவிடுவான். கடிதமும் வேண்டாம், ஏஜென்டும் வேண்டாம். சும்மா இருந்தாலே கிடைக்கப்போகும் ஒன்றுக்குத்தான் உங்களிடம் விலை பேசுகிறார்கள்.

சரி, வாய்ப்பு எவ்வளவு? என்பிஏவில் 30 அணிகள், அணிக்கு 15 நிலையான இடங்கள். மொத்தம் 450. அதில் ஐரோப்பியர்கள் இப்போது அறுபது, எழுபது பேர் இருக்கிறார்கள். டிராஃப்டில் இரண்டு சுற்றில் ஏறத்தாழ 60 பேரை எடுக்கிறார்கள். முதல் சுற்றில் போனால் முதல் இரண்டு ஆண்டுச் சம்பளம் உறுதி. இரண்டாம் சுற்றில் எதுவுமே உறுதியில்லை. ஐரோப்பியர்களுக்கு இது நல்ல காலம் என்பது நிஜம்தான். 2024 டிராஃப்டில் முதல் இரண்டு பேரும் பிரெஞ்சுக்காரர்கள், ரிசாஷேயும் சாரும். அதற்கு முந்தைய ஆண்டு முதலில் எடுக்கப்பட்டவரும் பிரெஞ்சுக்காரர்தான், வெம்பன்யாமா. ஆனால் இந்தப் பையன்கள் எல்லோரும் டிராஃப்டுக்கு முன்பே வளர்ந்த ஆண்களோடு சம்பள லீக்கில் வாராவாரம் ஆடியவர்கள். டோன்சிச் பதினாறு வயதில் ரியல் மாட்ரிட்டின் மூத்த அணியில் இறங்கியவர். 2018இல் டிராஃப்டுக்குப் போகும்போது ஐரோப்பாவின் முதன்மைக் கிளப் போட்டியான யூரோலீக்கின் கோப்பையும் அதன் சிறந்த வீரர் விருதும் கையில் இருந்தன.

ஆகவே பையனின் உயரத்தையும் வீடியோவையும் ஓரமாக வையுங்கள். ஆட்ட அறிக்கையை எடுத்து, பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் நிமிடங்கள் என்ற கட்டத்தை மட்டும் பாருங்கள். வளர்ந்த ஆண்களுக்கு எதிராக, ஆட்டம் இன்னும் முடிவாகாத நேரத்தில், எத்தனை நிமிடம்? ப்ரோ-பியில் 20 புள்ளி முன்னிலை வந்தபின் கிடைத்த நான்கு நிமிடம் கணக்கில் வராது. அணிகளுக்காக வீரர்களைத் தேடும் அமெரிக்க ஸ்கவுட்டுகள் முதலில் பார்ப்பது அந்தக் கட்டத்தைத்தான். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், இன்றைய நிலையில் உங்கள் மகனுக்கு அடுத்த ஆண்டு டிராஃப்டில் வாய்ப்பு இல்லை. மனம் கஷ்டப்படும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். யாராவது ஒருவர் உங்களிடம் இதைச் சொல்லியாக வேண்டும்.

இப்போது யோக்கிச் கதைக்கு வருகிறேன். எந்த ஏஜென்டும் இதைச் சொல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. 2014இல் டென்வர் அணி அவரை 41ஆவதாக எடுத்தபோது தொலைக்காட்சியில் துரித உணவு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது, அவர் செர்பியாவில் தூங்கிக்கொண்டிருந்தார். இதெல்லாம் உண்மை. ஆனால் இதிலிருந்து "யாரும் கவனிக்காத பையனும் ஜெயிக்கலாம்" என்ற பாடத்தை எடுப்பது தப்பு. சோம்போர் என்ற ஊரிலிருந்து வந்த அந்தப் பையன் அப்போது பெல்கிரேடின் மெகா கிளப்பில், பால்கன் நாட்டுக் கிளப்புகள் ஆடும் அட்ரியாட்டிக் லீகில், பெரியவர்களுக்கு எதிராக ஒரு முழு சீசன் ஆடி முடித்திருந்தார். மெகா சாதாரண கிளப் இல்லை. கோப்பை ஜெயிப்பதைவிட இளம் வீரர்களை வளர்த்து மேலே அனுப்புவதையே தொழிலாகக் கொண்ட கிளப். பத்தொன்பது வயதுப் பையன் தப்பு செய்தாலும் பயிற்சியாளர் வெளியே உட்கார வைக்க மாட்டார். அந்த நிமிடங்கள் உங்கள் மகனின் கிளப்பில் கிடைக்குமா? அப்புறம், டென்வர் எடுத்த உடனே அவர் விமானம் ஏறவில்லை. இன்னும் ஒரு ஆண்டு மெகாவிலேயே இருந்து, 2015இல் அந்த லீகின் சிறந்த வீரர் விருதை வாங்கிய பிறகுதான் போனார். மூன்று முறை என்பிஏவின் சிறந்த வீரராகவும் 2023இல் சாம்பியனாகவும் ஆனவரே அந்த ஒரு ஆண்டு காத்திருந்தார். உங்கள் ஏஜென்டோ அபிட்டூருக்கு ஒரு ஆண்டு காத்திருக்க மாட்டேன் என்கிறார்.

அதே 2014 டிராஃப்டில், யோக்கிச்சுக்குப் பதினோரு இடம் தள்ளி, 52ஆவதாக எடுக்கப்பட்டவர் வாசிலியே மிசிச். அவரும் அதே மெகா கிளப்பில் வளர்ந்த செர்பியர். இவரைப் பற்றி எந்த ஏஜென்டும் பேசுவதில்லை. என்பிஏவில் அவர் முதல் ஆட்டம் ஆடியது 2023இல், 29 வயதில். அதற்குள் இஸ்தான்புல்லின் அனடோலு எஃபெஸ் அணிக்காக 2021, 2022 இரண்டு ஆண்டும் யூரோலீக் வென்றிருந்தார். அங்கே இரண்டு சீசன் ஆடிவிட்டு ஐரோப்பிய ஆட்டத்துக்கே திரும்பிவிட்டார். யான் வெசெலியை 2011இல் வாஷிங்டன் ஆறாவதாகவே எடுத்தது. மூன்று சீசனில் அங்கே முடிந்தது. திரும்பி வந்து ஃபெனர்பாச்சேயில் 2017 யூரோலீக் கோப்பை, 2019இல் லீகின் சிறந்த வீரர். இவர்களைத் தோற்றுப்போனவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

ஆட்டமும் கொஞ்சம் வேறு. மூன்று புள்ளிக் கோடு இங்கே 6.75 மீட்டர், அங்கே 7.24. அங்கே தடுப்பாளர் யாரையும் காக்காமல் கூடைக்கு அடியில் மூன்று நொடிக்கு மேல் நிற்க முடியாது. அதனால் மைதானம் திறந்து கிடக்கும், ஒவ்வொருவனும் தன் எதிராளியைத் தனியாகச் சமாளிக்க வேண்டும். 1.96 உயரமுள்ள பையனை இளையோர் அணிகளில் பெரும்பாலும் கூடைக்கு அடியில் போட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் அங்கே அவன்தான் உயரம். மேலே போகப் போக அதே பையன் பந்தைக் கொண்டுபோகிறவனாகவும் பந்தை நடத்திவரும் வேகமான எதிராளியைத் தடுக்கிறவனாகவும் மாற வேண்டியிருக்கும். பயிற்சியாளரிடம் போய் இவனை எந்த இடத்தில் வளர்க்கிறீர்கள் என்று கேளுங்கள். 6,000 யூரோ வீடியோ தராத பதில் அங்கே கிடைக்கும்.

அந்த முகாம் விஷயம். சில ஆண்டுகளுக்கு முன், ஜூலையில் லாஸ் வேகாஸில் என்பிஏ அணிகள் இளம் வீரர்களை இறக்கிப் பார்க்கும் சம்மர் லீக் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு குடும்பத்துக்குத் துணையாக அப்படிப்பட்ட முகாமுக்குப் போனேன். ஊருக்கு வெளியே ஒரு பள்ளியின் ஜிம். ஒரு ஓரத்தில் பன்னிரண்டு மடக்கு நாற்காலிகள், ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு என்பிஏ அணியின் பெயர் அச்சிட்ட தாள் ஒட்டியிருந்தது. மூன்று நாளும் அவை காலியாகவே கிடந்தன. கடைசி நாள் மதியம் ஒட்டுத்தாள் காய்ந்து இரண்டு தாள்கள் தரையில் விழுந்து கிடந்தன, பையன்கள் அவற்றை மிதித்துக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனார்கள். படிக்கட்டில் போலந்திலிருந்தும் லிதுவேனியாவிலிருந்தும் கடன் வாங்கி வந்த பெற்றோர்கள். ஸ்கவுட்டுகள் எல்லோரும் சம்மர் லீக் நடந்த அரங்கில் இருந்தார்கள். என்னோடு வந்த அந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, கைப்பையிலிருந்த ரசீதை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐரோப்பாவில் நல்ல ஏஜென்டுக்குக் கமிஷனைப் பெரும்பாலும் கிளப்தான் கொடுக்கும். பையன் சம்பாதிப்பதற்கு முன்பே பெற்றோரிடம் பணம் கேட்கிறவர் ஏஜென்ட் இல்லை, முகாம் டிக்கெட் விற்கிறவர்.

நான்கு ஆண்டு ஒப்பந்தம் என்கிறாரே, அதுவே சந்தேகத்துக்கு இடம். உலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவின் விதிப்படி ஏஜென்டும் வீரரும் போடும் ஒப்பந்தம் இரண்டு ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. என்பிஏ அணியோடு பேரம் பேச அங்கே வீரர்கள் சங்கத்தின் சான்றிதழ் வேண்டும். அப்படிப்பட்டவர் என்பிஏ சம்பளத்தில் அதிகபட்சம் 4 சதவீதம்தான் வாங்கலாம். இவர் பெயர் ஃபிபாவின் ஏஜென்ட் பட்டியல், வீரர்கள் சங்கத்தின் பட்டியல் இரண்டிலும் இருக்கிறதா என்று பாருங்கள், இணையத்திலேயே தேடலாம். பெயர் இல்லையென்றால் "எனக்கு அங்கே ஒரு பார்ட்னர் இருக்கிறார்" என்பார். அப்படியானால் இரண்டு பேருக்கும் பங்கு போகும். ஒப்பந்தத்தில் "இத்தனை நாளுக்கு முன் பதிவுத் தபாலில் மறுக்காவிட்டால் தானாக நீட்டிக்கப்படும்" என்ற வரி எங்காவது இருக்கும், வழக்கமாகக் கடைசிப் பக்கங்களில். மகனுக்குப் பதினெட்டு ஆகிவிட்டது என்பதை மறக்காதீர்கள். அவன் கையெழுத்து போதும், உங்களைக் கேட்க வேண்டியதில்லை. பயிற்சி முடிந்து வரும்போது கார் நிறுத்துமிடத்தில் வைத்தே வாங்கிவிடுவார்கள். இன்று ராத்திரியே அவனிடம் பேசிவிடுங்கள்.

கிளப்போடு போடும் ஒப்பந்தத்தில் பை-அவுட் தொகையைப் பாருங்கள், அதாவது நடுவில் விடுவிக்கக் கிளப் கேட்கும் பணம். ரிக்கி ரூபியோவை 2009இல் மின்னசோட்டா ஐந்தாவதாக எடுத்தது. ஹோவன்துத் கிளப்பை விட்டு வெளியேறும் தொகை மிகப் பெரிதாக இருந்ததால் அவர் பார்சலோனாவுக்குப் போய் 2011இல்தான் அமெரிக்கா போக முடிந்தது. தன் சம்பளக் கணக்கைத் தொடாமல் என்பிஏ அணி இதற்குக் கொடுக்கக்கூடியது பத்து லட்சம் டாலருக்கும் குறைவு, மிச்சம் வீரரின் தலையில். பதினெட்டு வயதுப் பையனை இப்படிப் பூட்டி வைக்கும் ஒரு அமைப்பையும், தனக்கு எந்த அணி வேண்டும் என்று அவனைக் கேட்காத டிராஃப்டையும், ஆண்டுக்கு ஆண்டு விதியை மாற்றிக்கொண்டே இருக்கும் அமெரிக்கக் கல்லூரி நிர்வாகத்தையும் நினைத்தால் எனக்கே பொறுமை போய்விடுகிறது. சாதாரணக் குடும்பம் என்ன செய்யும்?

ஆனாலும் கல்லூரி வழி உங்களுக்குத் திறந்திருக்கிறது. ஃப்ரான்ஸ் வாக்னர் ஆல்பா பெர்லினில் ஆடிக்கொண்டிருந்தவர், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டு இருந்து 2021இல் எட்டாவதாகப் போனார். அண்ணன் மோரிட்ஸும் அதே வழிதான். பள்ளிப் படிப்பை முடித்த சான்றிதழ் இல்லாமல் இந்த வழி இல்லை, காலம் தள்ளிப்போனாலும் சிக்கல். "அபிட்டூரைப் பிறகு பார்க்கலாம்" என்ற ஒரே யோசனையில் அந்த ஆள் உங்கள் மகனின் மிக நல்ல கதவைச் சாத்தப் பார்க்கிறார்.

டிராஃப்டில் யாரும் எடுக்காவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். வூர்ட்ஸ்பூர்க்கின் மாக்ஸி கிளீபரை எந்த அணியும் எடுக்கவில்லை. ஸ்பெயினிலும் பாயர்ன் மியூனிக்கிலும் ஆடி, 25 வயதில், 2017இல் டாலஸ் போனார். டானியல் தைஸும் அப்படித்தான், பாம்பெர்க்கில் ஆடி அதே ஆண்டு பாஸ்டன். உரிமை எந்த அணியிடமும் மாட்டாததால் தங்களுக்கு இடமிருக்கும் அணியோடு அவர்களால் நேரடியாகப் பேச முடிந்தது.

கடைசியாக ஒரு தகவல் வேண்டும். மகனிடம் ஜெர்மன் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. முதல்நிலை லீகான புண்டஸ்லிகாவில் ஒரு ஆட்டத்துக்கு அதிகபட்சம் ஆறு வெளிநாட்டவர்தான். அதனால் ஜெர்மன் வீரர்களுக்கு நிஜமான தேவை இருக்கிறது, உங்கள் மகன் பிழைக்கப்போகும் இடம் அங்கேயோ அதற்குக் கீழே இரண்டாம் நிலை லீகான ப்ரோ-ஏயிலோதான். பாஸ்போர்ட்டுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால் டிராஃப்டை விட்டுவிட்டு அதைப் பாருங்கள். பதில் எழுதும்போது இந்த சீசனின் ப்ரோ-பி ஆட்ட அறிக்கைகளையும், அந்த ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களையும் அனுப்புங்கள். கையெழுத்துப் போட வேண்டிய கடைசிப் பக்கத்தை மட்டும் காட்டினால், மீதியைக் கேட்டு வாங்குங்கள்.