நூலகர் பதில்கள்: அட்டவணையில் ஒரு பெயர், அலமாரியில் மூவர்

கேள்வி: எங்கள் நூலகக் கணினியில் ‘எஸ். ராமகிருஷ்ணன்’ என்று தேடினால், ‘சஞ்சாரம்’ நாவலும் ‘கம்பனும் மில்டனும்’ என்ற ஆய்வு நூலும் க்ரியாவின் தமிழ் அகராதியும் ஒரே பட்டியலில் வந்து நிற்கின்றன. இவை அனைத்தும் ஒருவரே செய்தவையா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: மூவர் செய்தவை. ‘சஞ்சாரம்’ எழுதியவர் 1966இல் விருதுநகர் மாவட்டத்து மல்லாங்கிணரில் பிறந்த எழுத்தாளர். அந்த நாவலுக்காக 2018ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றார். கம்பனையும் மில்டனையும் ஒப்பிட்டு ஆராய்ந்தவர், அவருக்கு ஒரு தலைமுறைக்கும் மேல் மூத்தவரான மார்க்சியத் திறனாய்வாளர். 1992இல் முதற்பதிப்பு வெளிவந்த தற்காலத் தமிழ் அகராதியின் பணியை முன்னின்று நடத்தியவரோ, 1974இல் க்ரியா பதிப்பகத்தைத் தொடங்கி 2020இல் மறைந்த பதிப்பாளர். மூவருக்கும் பெயர் ஒன்று, தலைப்பெழுத்தும் ஒன்று, அந்தத் தலைப்பெழுத்தை ‘எஸ்.’ என்று எழுதும் வழக்கமும் ஒன்று.

கணினியின் மீது குற்றமில்லை. நூலின் முகப்புத்தாளில் இருக்கும் பெயரைப் பார்த்து அப்படியே தட்டெழுதி ஏற்றினால், அது எழுத்துகளின் வரிசையைத்தான் ஒப்பிட்டுப் பார்க்குமே தவிர, அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் ஆளை அறியாது. ஆளை அறிவதற்காக நூலகர்கள் தனியே ஒரு பதிவேடு வைத்திருப்பார்கள். ‘அத்தாரிட்டி ஃபைல்’ என்பது எங்களிடையே புழங்கும் பெயர். அதில் ஓர் ஆசிரியருக்கு ஒரு பதிவு மட்டுமே உண்டு. அவருக்கென்று தேர்ந்தெடுத்த பெயர்வடிவம் பதிவின் தலையில் இருக்கும். அதே பெயரில் வேறொருவர் இருந்தால், பிறந்த ஆண்டோ, பிறந்த, மறைந்த ஆண்டுகள் இரண்டுமோ அதனோடு சேரும். அவருடைய பெயரைப் பிறர் எழுதக்கூடிய மற்ற வடிவங்கள் எல்லாம் அதன் கீழே ‘இதற்கு அங்கே பார்க்க’ என்ற குறிப்புடன் நிற்கும். உங்கள் நூலகத்தில் இந்தப் பதிவேடு இல்லை, அல்லது இருந்தும் நூல்களோடு இணைக்கப்படவில்லை.

இந்தப் பதிவேடு ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டியிருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே பெயருடைய மூவரைப் பிரிப்பது ஒரு வேலை. ராமகிருஷ்ணன், இராமகிருஷ்ணன், இராமகிருட்டிணன் என்று பதிப்புக்குப் பதிப்பு உருமாறும் ஒருவரையே ஓரிடத்தில் சேர்ப்பதும், சொ. விருத்தாசலத்தைத் தேடி வருபவரைப் புதுமைப்பித்தனிடம் கொண்டுபோய் விடுவதும் இன்னொரு வேலை. சார்லஸ் கட்டர் என்ற அமெரிக்க நூலகர் 1876இல் வெளியிட்ட விதிகளிலேயே, குறிப்பிட்ட ஓர் ஆசிரியரின் நூல்களில் எவையெல்லாம் நூலகத்தில் உள்ளன என்பதைக் காட்டுவது நூற்பட்டியலின் கடமை என்று வகுத்திருக்கிறார். இரண்டு வேலைகளில் ஒன்று தவறினாலும் அந்தக் கடமை நிறைவேறாது.

கேள்வி: நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லாவிட்டாலும் தலைப்பெழுத்து இருக்கிறதே, ஆளை அடையாளம் காண அது போதாதா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: தமிழில் எழுதும்வரை ஓரளவு போதும். தமிழ்த் தலைப்பெழுத்து ஓர் அசையையே தாங்கி நிற்பதால், கி. ராஜநாராயணனின் ‘கி’யும் கு. அழகிரிசாமியின் ‘கு’வும் க.நா. சுப்ரமண்யத்தின் ‘க’வும் கண்ணுக்கே வேறுபட்டுத் தெரிகின்றன. ஆங்கில எழுத்தில் ஏற்றும்போது மூன்றும் ‘கே’ ஆகிவிடும். தி., த., தொ., தே. என்று தொடங்கும் எத்தனையோ பேர் ஒரே ‘டி’க்குள் அடைபடுவார்கள். தமிழ் நூல்களையும் ஆங்கில எழுத்தில் மட்டுமே ஏற்றும் வழக்கம் நம் நூலகங்கள் பலவற்றில் நெடுங்காலம் இருந்ததால், தமிழில் இல்லாத குழப்பங்கள்கூட நூற்பட்டியலில் புதிதாகப் பிறந்தன. கல்கி என்று நாம் அறிந்த ரா. கிருஷ்ணமூர்த்தியும் (1899–1954), சங்க காலக் காசுகளை ஆராய்ந்த, ‘தினமலர்’ ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தியும் இயற்பெயரில் ஏற்றப்பட்டால் இருவருமே ‘ஆர். கிருஷ்ணமூர்த்தி’தான்.

சரித்திர நாவலையும் நாணயவியலையும் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள், பொருளைப் பார்த்தே பிரித்துவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். அதை நம்பி இறங்குபவரை இராகவையங்கார்கள் இருவர் காத்திருந்து கவிழ்ப்பார்கள். மு. இராகவையங்காரும் ரா. இராகவையங்காரும் உறவினர்கள், இருவரும் 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கத்தைச் சார்ந்து, ‘செந்தமிழ்’ இதழுக்கு ஒருவர்பின் ஒருவராக ஆசிரியராக இருந்தவர்கள். சேரர் தலைநகரான வஞ்சி எது என்ற கேள்வியை ‘சேரன் செங்குட்டுவன்’ நூலில் முன்னவரும் ‘வஞ்சிமாநகர்’ நூலில் பின்னவரும் எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். காலம், இதழ், பொருள் எல்லாம் ஒன்றாகிவிட்ட பிறகு, நூலகரிடம் மிஞ்சுவது ஒரு ‘மு’வும் ஒரு ‘ரா’வும்தான். பழைய இதழ்த் தொகுப்புகளில் ‘இராகவையங்கார்’ என்று மட்டும் குறித்து வைத்தவர், பின்னால் வரும் ஆய்வாளருக்கு ஒரு மாத வேலையை வைத்துவிட்டுப் போகிறார்.

தலைப்பெழுத்து எதைக் குறிக்கிறது என்பதிலும் ஒருமை கிடையாது. பெரும்பாலும் தந்தை பெயர். சில வேளைகளில் ஊரும் சேரும். உ.வே. சாமிநாதையரின் ‘உ’ உத்தமதானபுரம், ‘வே’ தந்தை வேங்கடசுப்பையர். நூலக அறிவியலுக்கு இந்தியாவில் அடித்தளமிட்ட எஸ்.ஆர். ரங்கநாதனின் ‘எஸ்’, ஆங்கிலேயர் ‘ஷியாலி’ என்று எழுதிய சீர்காழி. ‘ஆர்’ தந்தை ராமாமிருதம். குடும்பப் பெயரை முன்னால் போட்டு மற்றதைப் பின்னால் தள்ளும் மேலைநாட்டு விதியை இங்கே அப்படியே பொருத்தினால், ஒருவரின் சொந்தப் பெயர் குடும்பப் பெயராகிவிடும். பெண் எழுத்தாளர்கள் சிலர் திருமணத்துக்குப் பிறகு கணவர் பெயரின் முதலெழுத்துக்கு மாறுவதால், ஒருவரே இருவராகத் தோன்றுவதும் உண்டு. ஆகவே தலைப்பெழுத்தைத் துப்பாகக் கொள்ளலாம்; முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது.

கேள்வி: எங்கள் கிராமத்தில் நன்கொடையாக வந்த நூல்களைக் கொண்டு நாங்கள் சிலர் ஒரு படிப்பகம் நடத்துகிறோம். பட்டியல் தயாரிக்கும்போது ஒரே பெயரில் இரண்டு மூன்று ஆசிரியர்கள் இருக்கலாம் என்று ஐயம் வருகிறது. பிறந்த ஆண்டைக் கண்டுபிடிக்கப் பல நூல்களில் வழியே இல்லை. என்ன செய்வது?
– வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: நூலைக் கையில் எடுத்து, முகப்புத்தாளைத் தாண்டிப் போவதே முதல் வேலை. பின்னட்டைக் குறிப்பு, பதிப்புரை, முன்னுரையின் முடிவில் ஆசிரியர் கையொப்பத்தோடு இடும் ஊரும் தேதியும், ‘இவருடைய பிற நூல்கள்’ என்ற பட்டியல், யாருக்குக் காணிக்கை ஆக்கியிருக்கிறார் என்ற வரி – இவற்றில் ஏதேனும் ஒன்று கைகொடுக்கும். முதற்பதிப்பின் ஆண்டு மிகவும் பயன்படும்: 1938இல் முதற்பதிப்பு கண்ட நூலை 1950இல் பிறந்தவர் எழுதியிருக்க முடியாது. ஆனால் மறுபதிப்பின் ஆண்டை முதற்பதிப்பின் ஆண்டாக எண்ணி ஏமாறாதீர்கள். நம் பதிப்பாளர்களில் சிலர் ஒவ்வொரு பதிப்பையும் ‘முதற்பதிப்பு’ என்றே அச்சிடுவார்கள். அவர்களுக்கு அதில் என்ன மகிழ்ச்சியோ!

பிறந்த ஆண்டு கிடைக்காவிட்டால் தொழில், ஊர், எழுதும் துறை ஆகியவற்றில் ஒன்றைப் பெயரோடு சேருங்கள். ‘சு. கோவிந்தராசன், சித்த மருத்துவர்’ என்றும், ‘சு. கோவிந்தராசன், தமிழாசிரியர்’ என்றும் எடுத்துக்காட்டுக்காகச் சொல்கிறேன். இன்று உலகெங்கும் பெரிய நூலகங்கள் பின்பற்றும் விதிகளும் இதற்கு இடம் தருகின்றன. இணைய வசதி இருந்தால் ‘வயாஃப்’ என்ற பன்னாட்டுப் பெயர்க் கோப்பைப் பாருங்கள். பல நாடுகளின் தேசிய நூலகங்கள் ஓர் ஆசிரியருக்கு வைத்திருக்கும் பதிவுகளை அது ஒன்றோடொன்று இணைத்துக் காட்டும். அந்த இணைப்பில் பெரும்பகுதியைக் கணினியே செய்வதால், தமிழ்ப் பெயர்களில் அது சொல்வதை நூலோடு ஒப்பிடாமல் ஏற்க வேண்டாம்.

இவ்வளவும் செய்த பிறகும் ஐயம் தீரவில்லை என்றால் பிரித்தே வையுங்கள். என் அனுபவத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். பணியில் சேர்ந்த புதிதில், ஒரு நூலகத்தில், கவிதை நூல்கள் எழுதிய ஒருவரையும் சோதிட நூல்கள் எழுதிய ஒருவரையும், பெயரும் தலைப்பெழுத்தும் ஊரும் ஒன்றாக இருந்ததால், ஒரே ஆள் என்று முடிவுகட்டி அட்டைகளை ஒன்றாக அடுக்கிவிட்டேன். பல ஆண்டுகள் கழித்துக் கவிஞரின் மகன் நூலகத்துக்கு வந்து, ‘எங்கள் அப்பாவுக்குச் சோதிடத்தில் நம்பிக்கையே கிடையாதே’ என்று சிரித்துக்கொண்டே சொன்னபோதுதான் தவறு புரிந்தது. அதற்குள் என் பட்டியலைப் பார்த்து இன்னும் இரண்டு நூலகங்கள் அப்படியே படியெடுத்துவிட்டன. பிரித்து வைத்த இருவர் ஒருவரே என்று பின்னால் தெரிந்தால், இரண்டு பதிவுகளை இணைக்க ஐந்து நிமிடம் போதும். ஒன்றாகக் கலந்துவிட்ட இருவரைப் பிரிக்க வேண்டுமானால், அவர்கள் பெயரில் உள்ள ஒவ்வொரு நூலையும் அலமாரியிலிருந்து மறுபடி இறக்க வேண்டும். வெளியே சென்றுவிட்ட பட்டியல்களைத் திருத்தவோ வழியே இல்லை.

கேள்வி: சங்கப் புலவர்களிலும் ஒரே பெயரினர் பலர் இருந்தார்களே, அக்காலத்தில் தொகுத்தவர்கள் எப்படிப் பிரித்தறிந்தார்கள்?
– வாசகர், மதுரை

பதில்: முந்தைய பதிலில் நான் சொன்ன வழிகள் அனைத்தையும் அவர்கள் கையாண்டிருக்கிறார்கள். சீத்தலைச் சாத்தனார், ஆலம்பேரிச் சாத்தனார், உறையூர்க் கதுவாய்ச் சாத்தனார் என்று சாத்தனார்களை ஊரால் பிரித்தார்கள். அவர்களில் முதல்வருக்கு ‘மதுரைக் கூலவாணிகன்’ என்று தொழிலையும் சேர்த்தார்கள். நக்கீரனாரை ‘மதுரைக் கணக்காயனார் மகனார்’ என்று தந்தையால் அடையாளப்படுத்தினார்கள். பெயரே தெரியாதபோது, பாடலில் வரும் தொடரையே எடுத்துச் செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் என்று பெயரிட்டார்கள். தெரியாதவரைத் தெரிந்த ஒருவர் தலையில் கட்டிவிடாத அந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

படைப்பைக் கொண்டு பிரித்ததற்கு எடுத்துக்காட்டு ‘பாரதம் பாடிய பெருந்தேவனார்’. ஐங்குறுநூறு, குறுந்தொகை, நற்றிணை, அகநானூறு, புறநானூறு ஆகிய ஐந்து தொகைகளுக்கும் கடவுள் வாழ்த்துப் பாடியவர் இவர். ஆனால் அந்த அடைமொழியே பிற்காலத்தில் புதிய சிக்கலை உண்டாக்கியது: பல்லவன் நந்திவர்மன் காலத்தில் பாரத வெண்பா பாடியவரும் பெருந்தேவனார், வீரசோழியத்துக்கு உரை எழுதியவரும் பெருந்தேவனார். நூலகர் இங்கே நூற்றாண்டையோ நூற்பெயரையோ சேர்த்து மூன்று பதிவுகள் வைத்துக்கொள்வதே முறை.

பிரிக்கத் தவறிய இடமும் உண்டு. பதினோராம் திருமுறையில் நக்கீரதேவ நாயனார் பெயரில் திருமுருகாற்றுப்படையும், அதனினும் மிகவும் பிற்பட்ட நடையுடைய சிற்றிலக்கியங்களும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஔவையார் நிலை இன்னும் கடினம். அதியமானைப் பாடியவரையும் ஆத்திசூடி பாடியவரையும் ஒரே பதிவில் வைக்கும் பட்டியல்கள் இன்றும் அச்சாகின்றன. கதை மரபில் அவர் ஒரே பாட்டியாக இருந்துவிட்டுப் போகட்டும். நூற்பட்டியலில் இருவராகவேனும் இருக்க வேண்டும்.

கேள்வி: நான் சிறுகதைகள் எழுதத் தொடங்கியிருக்கிறேன். என் பெயரிலும் தலைப்பெழுத்திலும் ஏற்கெனவே ஓர் எழுத்தாளர் இருக்கிறார். நான் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டுமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: மாற்றியவர்களில் புகழ்பெற்றவர் நமக்குத் தெரிந்தவர்தான். ரா.கி. ரங்கராஜன் என்ற பெயர் வாசகர்களிடையே ஏற்கெனவே நிலைபெற்றிருந்ததால், எஸ். ரங்கராஜன் தம் மனைவியின் பெயரான சுஜாதாவைப் புனைபெயராக வைத்துக்கொண்டார். பெயரை முழுதும் மாற்றாமல் சமாளித்தவர் வின்ஸ்டன் சர்ச்சில். அமெரிக்காவில் அதே பெயரில் தம்மைவிடப் புகழ்பெற்ற நாவலாசிரியர் ஒருவர் இருப்பதை அறிந்து, 1899இல் அவருக்குக் கடிதம் எழுதி, இனித் தம் நூல்களில் ‘வின்ஸ்டன் ஸ்பென்சர் சர்ச்சில்’ என்று போட்டுக்கொள்வதாகத் தெரிவித்தார்.

நீங்களும் முதல் நூல் அச்சாகும் முன்பே ஊர்ப்பெயரையோ தாயின் பெயரையோ சேர்த்து ஒரு வடிவத்தை முடிவு செய்து, கடைசிவரை எழுத்து மாறாமல் அதையே பயன்படுத்துங்கள். நடுவில் எண்கணிதம் பார்த்து எழுத்துகளைக் கூட்டிக் குறைக்க வேண்டாம். ஆய்வுக் கட்டுரைகளும் எழுதுவதாக இருந்தால், 2012 முதல் வழங்கப்படும் ‘ஆர்கிட்’ என்ற பதினாறு இலக்க அடையாள எண்ணைக் கட்டணமின்றிப் பெற்றுக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, நூலின் பின்னட்டையில் உங்கள் பிறந்த ஆண்டையும் ஊரையும் ஒரு வரியில் அச்சிடச் சொல்லுங்கள். வயதைச் சொல்லத் தயக்கமாக இருந்தால் ஊரை மட்டுமாவது போடுங்கள். திருவண்ணாமலை மாவட்டத்துப் படிப்பகத்து அன்பர்களுக்கு அந்த ஒரு வரி போதும்.