எழுத்தை மாற்றினால் இலச்சினை நமதாகிவிடுமா?

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு விளையாட்டுக் கழகச் செயலாளர் எழுதியிருக்கிறார். சவூதி அரேபியாவின் தம்மாமில் வேலை செய்யும் உறவினர் ஒருவர் கொண்டுவந்த ஜேர்சியிலிருந்த அரபுக் கழகமொன்றின் பருந்து இலச்சினை எல்லோருக்கும் பிடித்துப்போனதால், அரபு எழுத்துகளை அகற்றி, அவ்விடத்தில் தமது கழகத்தின் பெயரை ஆங்கிலத்தில் பொறித்துத் தருமாறு அச்சகமொன்றில் கொடுத்திருக்கிறார்கள். முப்பது வீதம் மாற்றிவிட்டால் சட்டச் சிக்கல் இல்லை என்று அச்சகத்தார் உறுதியளித்தாராம். இந்த இலச்சினையைக் கொழும்பிலுள்ள புலமைச் சொத்து அலுவலகத்தில் பதிவு செய்யலாமா என்பதே அவருடைய கேள்வி.

செய்ய வேண்டாம். முப்பது வீதக் கணக்கு எந்தச் சட்டத்திலும் இல்லை. அது அச்சகத்துக்கு அச்சகம் கைமாறி வரும் கதை. நீங்கள் அனுப்பிய படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். பருந்தின் வால் முனைக்குக் கீழே இரண்டு சிறு புள்ளிகள் எஞ்சியிருக்கின்றன. அவை அழிக்கப்பட்ட அரபு 'யா' எழுத்தின் புள்ளிகள் என்பதை உங்கள் ஊரில் குர்ஆன் ஓதப் போகும் சிறுவனே சொல்லிவிடுவான். மாறியது எழுத்து மட்டுமே. பருந்தும், அதன் இறகு வரிசையும், கேடய வளைவும் அவர்களுடைய ஓவியனின் கைவேலையாகவே இருக்கின்றன.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஓவியத்தைத் தழுவி மாற்றும் உரிமையும் அதன் பதிப்புரிமையாளருக்கே உரியது. அவ்வுரிமை, ஓவியத்தைப் படைத்தவர் வாழும் காலத்துக்கும், அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் நீடிக்கும். இலங்கையும் சவூதி அரேபியாவும் பதிப்புரிமை பற்றிய சர்வதேச ஒப்பந்தமான பேர்ண் உடன்படிக்கையில் இருப்பதால், அங்கே வரைந்த படத்துக்கு இங்கும் பாதுகாப்பு உண்டு. பெயரை ஆங்கிலப்படுத்துவதும் தப்பும் வழியல்ல; நன்கறியப்பட்ட வியாபாரக் குறியொன்றின், அதாவது ஒருவரின் பொருளையோ சேவையையோ அடையாளங்காட்டும் பெயர் அல்லது படத்தின், மொழிபெயர்ப்பையும் ஒலிபெயர்ப்பையும்கூடச் சட்டம் பதிவிலிருந்து விலக்குகிறது.

இந்த இடத்தில்தான் தரகர்கள் நுழைகிறார்கள். 'கொப்பிரைட் பதிந்து தருகிறேன்' என்று பணம் கேட்பவரைக் கண்டால் வாசலோடு திருப்பி அனுப்புங்கள். இலங்கையில் பதிப்புரிமைக்குப் பதிவு என்ற நடைமுறையே கிடையாது. படைத்த கணத்திலேயே அது பிறந்துவிடுகிறது. பதிவு உண்டென்றால் அது வியாபாரக் குறிக்கு உண்டு, பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். பிரதேச செயலகத்தில் கழகத்தைப் பதிந்த சான்றிதழைக் காட்டி, 'இலச்சினையும் எங்களுடையதே' என்று வாதாடிய ஒரு தலைவரையும் எனக்குத் தெரியும். அந்தச் சான்றிதழ் கழகம் இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும்.

ஒரு விதிவிலக்கைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதைக் கேட்டதும் பலர் பருந்தையே கைவிட்டுவிடுகிறார்கள். பருந்து எவருடைய சொத்தும் அல்ல. பிறையும், ஈச்ச மரமும், காற்பந்தும் அப்படித்தான். உரிமை இருப்பது அந்தப் பருந்தை அந்தக் கோட்டில், அந்தத் திருப்பத்தில், அந்தக் கேடயத்துக்குள் வைத்த வடிவத்துக்கே. எனவே பழைய படத்தை மூடிவைத்துவிட்டு, ஒலுவில் கடற்கரையில் மீனைக் கவ்விச் செல்லும் பருந்தை வெற்றுத் தாளில் வரையச் சொன்னால், அந்தப் பருந்து உங்களுடையது. ஆனால் மூலப் படத்தைத் திரையில் அடியில் வைத்துக்கொண்டு மேலே கோடு இழுத்துவிட்டு, 'நாங்களே வரைந்தது' என்று சொல்ல இயலாது.

எழுத்தைப் பொறுத்தவரையும் நேருக்கு நேர் மாற்றம் எடுபடாது. அரபு எழுத்துகள் வலமிருந்து இடமாக ஒன்றோடொன்று கைகோத்து வளைவை நிரப்புபவை, ஆங்கில எழுத்துகளோ தனித்தனியே நிற்பவை. அதே வளைவில் அவற்றை அமர்த்தினால் பல் விழுந்த வாய்போல இடைவெளி விடும். உங்கள் ஜேர்சியிலும் அதுதான் நடந்திருக்கிறது.

புதிய இலச்சினை ஆயத்தமானதும் வியாபாரக் குறியாக விண்ணப்பியுங்கள். பொருள், சேவை வாரியாகப் பிரித்த வகுப்புகளில், ஜேர்சி விற்பதானால் 25ஆம் வகுப்பு, விளையாட்டு நடவடிக்கைகளுக்கு 41ஆம் வகுப்பு. கிழக்கின் ஒரு கழகம் இத்தனைக்கும் கொழும்பையே பார்த்துக்கொண்டு, விண்ணப்பம் எந்த மேசையில் உறங்குகிறது என்றறியாமல் காத்திருக்க வேண்டியிருப்பது எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் விடயம். தரகர்கள் பிழைப்பதே இந்தத் தாமதத்தில்தான்.

ஏற்கெனவே அடித்த ஜேர்சிகளை ஆதரவாளர்களுக்கு விற்க வேண்டாம். புதியதை வரைபவர் உங்கள் பாடசாலைச் சித்திர ஆசிரியராகவே இருந்தாலும், உரிமையைக் கழகத்துக்கு மாற்றிக் கொடுப்பதாக எழுதிக் கையொப்பமிட்ட கடிதத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள், வாய்வார்த்தை செல்லாது. அச்சகத்திலிருந்து இலச்சினையின் மூலக் கணினிக் கோப்பினையும் வாங்கி வையுங்கள். அதைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றுப்போட்டிக்கும் புதிதாக 'டிசைன் காசு' கேட்பவர்கள் இருக்கிறார்கள்.